பத்து வெள்ளித் தவணை: துன் வீ. தி. சம்பந்தன்

பொன்விழா மலருக்கு வரலாற்றில் இடம் பெற்ற ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, பினாங்கின் பழைய கப்பல் வணிகர் ஒருவரையோ, பள்ளிவாசல் கட்டிய கொடைவள்ளல் ஒருவரையோ நாங்கள் எழுதுவோம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். துன் சம்பந்தனை எழுதுகிறோம் என்றதும் பெரியவர் ஒருவர் கொஞ்சம் யோசித்தார். அவர் தோட்டத்துக்காரர்களின் தலைவராயிற்றே, நம் சங்கத்து மலருக்கு அவர் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் எங்கள் கடைப் பரணில் இருந்த ஒரு பற்று நோட்டில் கிடைத்தது.

எங்கள் மர்ஹூம் பாட்டனார் ஊரிலிருந்து கப்பலேறி வந்ததும் நேராக ஜார்ஜ்டவுனில் கடை வைத்தவர் என்றுதான் நாங்கள் வெகுகாலம் நினைத்திருந்தோம். உண்மை அதுவல்ல. முதலில் அவர் கடை வைத்தது கெடாவில், ஒரு ரப்பர் தோட்டத்து முச்சந்தியில். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், சீயக்காய், பிள்ளைகளுக்கு மிட்டாய். தோட்டத்து ஆட்கள் மாதம் முழுக்கப் பற்று எழுதிச் சாமான் வாங்கி, சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார்கள். அந்த நோட்டில் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் பெயருக்கு நேரே அடித்த கோடு இருக்கிறது. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மாதம் கோடுகள் நின்றுபோகின்றன. அதன் பிறகு வெறும் தாள். அந்த வருடம் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள், லயத்து ஆட்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள், வரவேண்டிய காசு வரவேயில்லை என்று அத்தா சொல்லித்தான் தெரியும். பாட்டனார் கடையை மூடிவிட்டுப் படகேறி இங்கே வந்து, லெபோ பாசாரில் உறவினர் கடையில் கையாளாக நின்றார். எங்கள் குடும்பம் பினாங்குக்காரக் குடும்பம் ஆனது அப்படித்தான். நம் அங்கத்தினர் குடும்பங்களில் இதே கதை உள்ளவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள்.

அந்தத் துண்டாடலை எதிர்த்து ஒருவர் என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வீராசாமி திருஞானசம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் 1896இல் மலாயாவுக்கு வந்து, பிறகு ரப்பர் தோட்டங்களுக்குச் சொந்தக்காரரானவர். ஆகவே சம்பந்தன் லயத்தில் பிறந்த பிள்ளையல்ல, முதலாளி வீட்டுப் பிள்ளை. கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்தார். பின் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்தியாவில் சுதந்திரப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. காந்தியடிகளின் மீது பிடித்த பிடிப்பு அவரைக் கடைசிவரை விடவில்லை. அமைச்சரான பிறகும் ஜிப்பாவும் வேட்டியுமாகத்தான் பல படங்களில் காண்கிறோம்.

போர் முடிந்த பிறகு இங்கே தோட்டங்கள் இருந்த நிலையை இளம் தலைமுறைக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடத் தோட்டத்துத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் பெரும்பங்கு திரும்பவில்லை. லயத்தில் மிஞ்சியவர்கள் விதவைகளும் பிள்ளைகளும். 1945இல் வெள்ளைக்காரத் துரைகள் திரும்பி வந்து, பழையபடி விடியற்காலைப் பெரட்டுக்கு மணி அடித்தார்கள். அதே நேரத்தில் லண்டனில் அட்லியின் தொழிற்கட்சி அரசாங்கம் தன் மக்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? 1946இல் வேலையிழந்தோருக்கும் நோயாளிக்கும் முதியோருக்கும் காப்புறுதிச் சட்டம். 1948 ஜூலையில் எல்லோருக்கும் இலவச மருத்துவம். அந்த நாட்டு முதலாளிகளின் ரப்பர் தோட்டத்தில் இங்கே பால் வெட்டியவருக்கு ஒரு டிரஸ்ஸரும், ஒரு ஆயாக் கொட்டகையும், பத்தடி அறையும்தான். ஊழியர் சேமநிதி இங்கே 1951இல் வந்தது. அதுவே பெரிய காரியம்தான்.

கூலி உயர்வு கேட்டுத் தோட்டங்களில் 1946, 47இல் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. கெடாவில் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது அதைத் தொட்டுத்தான். சம்பந்தனுக்கு அன்று சரியாக இருபத்தொன்பது வயது நிறைகிறது, நடந்ததோ அவருடைய சொந்த ஊர். மறு வருடம் மே மாதம் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். தோட்டத்தில் சங்கம் என்ற சொல்லையே சொல்ல ஆட்கள் பயந்தார்கள். அந்தப் பயம் தெளிந்து, பி. பி. நாராயணன் முன்னின்று தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்றாகத் திரண்டது 1954இல்.

அதே 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை திறக்கப்பட்டது. சம்பந்தன் குடும்பத்தார் முன்னின்று எழுப்பிய தமிழ்ப் பள்ளி அது. திறந்து வைக்க வந்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். பேராக் ம.இ.கா.வில் சம்பந்தன் அதற்குள் முன்னுக்கு வந்திருந்தார். 1955இல் தேசியத் தலைவரானார். 1946இல் ஜான் திவி தொடங்கிய அந்தக் கட்சி அதுவரை பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் வக்கீல்களின் கட்சியாக இருந்தது. சம்பந்தன் காலத்தில்தான் தோட்டத்துப் பாட்டாளி அதன் கூட்டத்தில் வந்து உட்கார்ந்து, தனக்குப் புரிந்த மொழியில் பேச்சைக் கேட்டான்.

1955 ஜூலைத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐப் பிடித்தது. கிந்தா உத்தாராவில் நின்று சம்பந்தன் வென்றார். அப்போது வாக்காளர்களில் இந்தியர் தொகை மிகச் சிறியது. தமிழர் ஓட்டை மட்டும் நம்பி அங்கே எவரும் ஜெயித்திருக்க முடியாது. துங்கு அவருக்குக் கொடுத்தது தொழிலாளர் அமைச்சு.

அந்த அமைச்சில் அவர் இருந்தது இரண்டே வருடம். அந்த நாட்களின் வேலைச் சட்டம் 1955ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கியிருந்தாலும் 1957 ஜூனில்தான் நடப்புக்கு வந்தது. அதாவது அவர் அமைச்சராக இருந்த கடைசி மாதங்களில். கடை வைத்திருக்கும் நம்மில் எல்லோருக்கும் இந்தச் சட்டம் தெரியும். சம்பளத்தை அடுத்த ஏழு நாளுக்குள் கொடு, கொடுப்பதைக் காசாகக் கொடு, கண்டபடி பிடித்தம் செய்யாதே என்பதெல்லாம் அதில் உள்ளவை. நாம் பெரும்பாலும் முதலாளி பக்கத்திலிருந்துதான், கொஞ்சம் முகம் சுளித்துக்கொண்டுதான் அதைப் படிக்கிறோம். அதில் ஒரு பிரிவு இருக்கிறது: சம்பளத்தை எந்தக் கடையில் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது. எங்கள் பாட்டனாரின் முச்சந்திக் கடையில் எவரும் தன் விருப்பம்போல் வந்து வாங்கலாம் என்பதற்கு அந்தப் பிரிவும் ஒரு காவல்தான். பற்று நோட்டைப் பார்த்த பிறகுதான் அது எங்களுக்கு உறைத்தது.

மெர்டேக்கா வந்தது. சம்பந்தன் அந்த விடுதலைப் பேச்சுகளில் இந்தியர் சார்பில் அமர்ந்தவர். குடியுரிமை விஷயத்தில் அவர்கள் பெற்றது சிறிதல்ல. மெர்டேக்காவுக்குப் பிறகு இந்த மண்ணில் பிறக்கும் பிள்ளை குடிமகன். முன்பே வந்து தங்கியவர்கள் விண்ணப்பித்துப் பெறலாம், முதல் ஒரு வருடத்துக்கு மலாய் மொழிச் சோதனைகூட இல்லை. இந்த ஒரு வருடச் சலுகையை எத்தனை பேர் பயன்படுத்திக்கொண்டார்கள்? தோட்டத்திலும் சரி, நம் பினாங்குத் துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் சரி, ஊருக்குத் திரும்பிப் போகத்தானே போகிறோம், இந்தக் கடுதாசி எதற்கு என்று விட்டவர்கள் ஏராளம். அதன் விலையைப் பிறகு சொல்கிறோம்.

இனித் துண்டாடலுக்கு வருவோம். கொரியப் போரின்போது ஏறிய ரப்பர் விலை இறங்கிவிட்டது. மரங்கள் கிழடு தட்டிப் போயிருந்தன, மறுநடவுக்குப் பெரும் பணம் வேண்டும். செயற்கை ரப்பர் வேறு சந்தைக்கு வந்துவிட்டது. சுதந்திர நாட்டில் தங்கள் சொத்து என்னவாகுமோ என்ற பயம் பல வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு. விற்றுவிட்டு ஊர் போய்ச் சேரத் துடித்தார்கள். உள்ளூர் வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து ஆயிரம், இரண்டாயிரம் ஏக்கர் தோட்டத்தை மொத்தமாக வாங்கி, பத்து, இருபது, ஐம்பது ஏக்கராக வெட்டிச் சில்லறையில் விற்றார்கள். மொத்தத்தில் வாங்கிச் சில்லறையில் விற்பது நம் தொழிலும்தான், அதில் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் இந்த மூட்டைக்குள் மனிதர்கள் இருந்தார்கள். நூறு ஏக்கருக்குக் குறைந்தால் அரசாங்கக் கணக்கில் அது தோட்டமே அல்ல, சிறுதோட்டம். சின்ன முதலாளி தன் குடும்பத்தாரை வைத்தே பால் வெட்டிக்கொள்வார். லயத்தை யார் பார்ப்பது? டிரஸ்ஸருக்கு யார் சம்பளம் கொடுப்பது? தமிழ்ப் பள்ளி எந்தத் துண்டில் விழுந்தது? வேலை போன அன்றே வீடும் போகும், பிள்ளையின் படிப்பும் போகும், முச்சந்திக் கடைக்காரனின் பாக்கியும் போகும். பேராசிரியர் உங்கு அஜீஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து ஓர் அறிக்கையே வந்தது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று தொழிற்சங்கத்தார் கேட்டார்கள். நிலம் மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்தது. விற்பவனையும் வாங்குபவனையும் தடுப்பது எளிதாக இல்லை.

சம்பந்தன் வேறொரு வழியைப் பிடித்தார். விற்கிறவன் விற்கட்டும், வாங்குகிறவர்கள் தொழிலாளர்களாகவே இருக்கட்டும் என்பதுதான் அந்த வழி. 1960 மே 14ஆம் நாள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. ஒரு பங்கு நூறு வெள்ளி. நூறு வெள்ளியை மொத்தமாகக் கண்ணால் பார்த்திராத ஆளிடம் போய்ப் பங்கு கேட்பது எப்படி? பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று வைத்தார்கள். அமைச்சராக இருந்த மனிதர் தோட்டம் தோட்டமாகப் போனார். பின்னாளில் அந்தச் சங்கத்துக்குத் தலைவரான கே. ஆர். சோமசுந்தரமும் உடன் அலைந்தார். பால் வெட்டிக் களைத்து வந்தவர்கள் குளித்துச் சாப்பிட்டு லயத்து முன்னால் கூடும் நேரம்தான் கூட்டத்துக்குத் தோதான நேரம். உங்கள் துரை விற்கப் போகிறார், அதை நீங்களே வாங்கலாம் என்று அவர்களிடம் சொன்னால் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்ட சீட்டுக்காரர்களை அவர்கள் கண்டவர்கள். நம் சங்கத்துக்கு ஆரம்பத்தில் வீடு வீடாக மாதச் சந்தா வசூலித்த பெரியவர்களைக் கேட்டால் தெரியும், முதல் ஐந்து வெள்ளியை வாங்குவதுதான் கடினம்.

மறு வருடமே, 1961இல், முதல் தோட்டத்தை வாங்கினார்கள். ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கர் கொண்ட புக்கிட் சீடிம் தோட்டம். இருப்பது வேறெங்கோ அல்ல, நம் பக்கத்துக் கெடாவில்தான். பினாங்கிலிருந்து பெர்ரி ஏறிப் போய் வந்துவிடும் தொலைவில், பால் வெட்டும் கைகளுக்குச் சொந்தமான ஒரு தோட்டம் இருந்திருக்கிறது. இந்த நகரத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் முப்பது வயது வரை அதைக் கேள்விப்பட்டதில்லை. பள்ளியிலும் சொல்லவில்லை, பாலிடெக்னிக்கிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. துன் சம்பந்தன் உயிரோடு இருந்த காலத்திலேயே பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அந்தச் சங்கத்தின் கைக்கு வந்துவிட்டன.

குறையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இது வரலாறு ஆகாது, வாழ்த்து மடலாகிவிடும். துண்டான நிலத்தோடு ஒப்பிட்டால் கூட்டுறவு வாங்கியது சிறு பகுதிதான். பத்து வெள்ளியாகச் சேரும் பணம், ரொக்கத்தோடு நிற்கும் வணிகர்களின் வேகத்துக்கு ஓட முடியாது. வாங்கிய தோட்டத்திலும் தொழிலாளி பங்குதாரர் ஆனாரே தவிர, இது என் இரண்டு ஏக்கர் என்று வேலி போட்டுக்கொள்ள முடியவில்லை. காலையில் அதே பெரட்டு, அதே வெட்டுக்காடு. பெல்டா திட்டத்தில் நிலம் பெற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வேறுபாடு பெரியது. ஆனால் வீட்டை விட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் நோட்டில் கோடு நின்றுபோன பெயர்களுக்கு அது கிடைக்கவில்லை.

சுகாதாரம், பொதுப்பணி, தபால், தொலைபேசி என்று அவர் வகித்த மற்ற பொறுப்புகளை எழுதினால் பக்கம் நீளும். 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சர் அவர்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

1969க்கு வருவோம். அதற்கு முந்திய வருடம் இயற்றிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடிமகன் அல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. மே 13 கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக நடப்புக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் நிலைகுலைந்து போனார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கடுதாசி எதற்கு என்று விட்டவர்கள் இப்போது அதே கடுதாசிக்காக வரிசையில் நின்றார்கள். தோட்டத்திலிருந்து பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். அவர்களைச் சுமந்த கப்பல்கள் நம் பினாங்குத் துறையிலிருந்துதான் போயின. ரஜூலாக் கப்பலில் டிக்கெட் கிடைப்பது பெரும்பாடு என்று அத்தா சொல்லக் கேட்டிருக்கிறோம். போனவர்களில் நம் ஆட்களும் உண்டு. ஐந்து கால் நடைபாதையில் சாமான் பரப்பி விற்றவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், சாப்பாட்டுக் கடைகளில் நின்றவர்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளை இங்கே விட்டு, தகப்பன் மட்டும் போன குடும்பங்களை நம் அங்கத்தினர்களில் மூத்தவர்கள் அறிவார்கள்.

அந்த நேரத்தில் இந்தியர்களின் தலைவர் சம்பந்தன்தானே, அவர் ஏன் தடுக்கவில்லை என்ற கோபம் அன்று தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்தது. கூட்டணிக்குள் மெல்லப் பேசிச் சாதிப்பதே அவருடைய முறை. 1957இல் அந்த முறைக்குப் பலன் இருந்தது. 1969க்குப் பிறகு பேசும் மேசையே மாறிவிட்டது, அவர் முறை மாறவில்லை. இது எங்கள் அபிப்பிராயம், மாற்றுக் கருத்துள்ளவர்கள் இருக்கலாம். கட்சிக்குள்ளும் பூசல் முற்றியது. 1973 ஜூன் கடைசியில் தலைமைப் பதவியை வீ. மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். 1972 முதல் வகித்த தேசிய ஒற்றுமை அமைச்சர் பொறுப்பும் 1974இல் முடிந்தது.

பதவிகள் எல்லாம் போன பிறகும் அவர் விடாமல் வைத்திருந்தது ஒன்றுதான்: நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத் தலைமை. 1979 மே 18இல் இறக்கும்வரை அதில் இருந்தார். வயது ஐம்பத்தொன்பதுதான். தந்தை வைத்துப்போன சொத்தில் பெரும்பகுதி அதற்குள் கட்சிக்கும் பொதுக் காரியங்களுக்கும் கரைந்து போயிருந்தது. அரசியலில் நுழைந்து சொத்துச் சேர்த்தவர்களைப் பற்றிப் பேசுவதே நமக்குப் பழக்கமாகிவிட்டதால், சொத்தோடு நுழைந்து இல்லாமல் வெளியே வந்தவரைப் பற்றி எழுதுவது கொஞ்சம் புதிதாகவே இருக்கிறது. கோலாலம்பூர் போகிறவர்கள் பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயர் கொண்ட சாலையில் சாப்பிட்டிருப்பீர்கள், அவர் பெயர் கொண்ட மோனோரயில் நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள்.

நாங்கள் தண்ணீர்ப் பம்புகளும் மின்சாமான்களும் விற்கிறவர்கள். பெரும்பாலான வேலை கடலுக்கு அந்தப் பக்கம்தான், புக்கிட் மெர்தாஜம் முதல் கூலிம், சுங்கைப்பட்டாணி வரை. இரண்டு வருடத்துக்கு முன் கெடாவில் ஒரு தாமானில் ஒரு மூதாட்டியின் வீட்டில் பம்பு மாட்டப் போயிருந்தோம். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். வயதுக் காலத்தில் பால் வெட்டியவர். எங்கள் பேச்சிலிருந்து நாங்கள் யார் என்று தெரிந்துகொண்டு, அவர்கள் தோட்டத்து முச்சந்தியில் இருந்த பாய் கடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அது எங்கள் பாட்டனாரின் கடை அல்ல, வேறு தோட்டம், வேறு பாய். சாமான் எடுத்து வைக்கும்போது, அலமாரியில் துணிக்கடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவருடைய தகப்பனார் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி வாங்கிய பங்குப் பத்திரம். மடிப்புகள் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. அந்தப் பங்கு இன்று என்ன விலை பெறும் என்று வணிகப் புத்தியில் கேட்டுவிட்டோம். அதை விற்பதற்கா வைத்திருக்கிறேன் என்பதுபோல் பார்த்துவிட்டு, அதைத் திரும்பவும் உறைக்குள் போட்டார். பம்புக்குப் பணம் கொடுத்து ரசீதைக் கேட்டு வாங்கி, அதையும் அதே துணிக்கடியில் வைத்தார்.